தரையில் ஊன்றும் வாத்தியம்

வயலினைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். புல்லாங்குழலை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடலாம். மிருதங்கத்தைக்கூடச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிவிடலாம். செலோவைக் கொண்டு ஓட முடியாது. ஏறத்தாழ நாலடி நீளம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று எழுந்து நிற்கிற அளவு. உள்ளே முழுக்க வெறுமை. முன்பலகையின் தடிப்பு அரைச் சென்ரிமீற்றர்தான் வரும். ஒரு பக்கம் இடித்தால் பிளந்துவிடும்.

அதன் அடியில் ஒரு கம்பி உண்டு. அதை இழுத்து நீட்டி, கூர்முனையை நிலத்தில் ஊன்றி, கதிரையில் நிமிர்ந்திருந்து, இரண்டு முழங்காலுக்கும் இடையில் அணைத்துக்கொண்டால்தான் வில்லைத் தொடலாம். நடந்தபடி வாசிக்க முடியாது. ஊன்ற நிலம் வேண்டும், இருக்கக் கதிரை வேண்டும், யாரும் எழுப்பாத ஒரு மணி நேரம் வேண்டும்.

வட்டக்கச்சியில் பிறந்து வளர்ந்த எனக்குச் செலோ என்றதும் அந்தக் கம்பிதான் முதலில் கண்ணில் படுகிறது. இரணைமடுத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய ஊர் எங்களுடையது. இங்கே வந்தவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். காணியில்லாமல் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள், எழுபதுகளில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள். வாய்க்கால் கரையில் தென்னம்பிள்ளை நட்டு, அது காய்க்கும்வரை ஓரிடத்தில் இருந்துவிடலாம் என்று நம்பியவர்கள்.

2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அதன் பிறகு வட்டக்கச்சியில் இருக்க வழியில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்ற கணக்கு எல்லா வீட்டிலும் நடந்தது. நெல்மூட்டை, தறப்பாள், மண்வெட்டி, சட்டிபானை, பங்கருக்குப் போடக் குற்றிகள். எங்கள் வீட்டில் அக்காவின் வீணை இருந்தது. அம்மா அதை இரண்டு சேலையால் சுற்றி விறாந்தையில் கொண்டுவந்து வைத்தா. பெட்டி நிரம்பிவிட்டது. அப்பா ஒரு நெல்மூட்டையை இறக்கிப் பார்த்தார். பிறகு மூட்டையையே திரும்ப ஏற்றினார். சேலை சுற்றிய வீணை உள்ளே அறை மூலைக்குப் போனது. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று பரந்தன்–முல்லைத்தீவு வீதியோடு போன பயணம் செட்டிகுளத்து முகாமில் முடிந்தது. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, வீணையும் இல்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நான்காம் தரம் பாஸ் பண்ணியிருந்தவள் அக்கா. ஐந்தாம் தரம் எடுக்கவில்லை. வீணை எங்கே என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

நாங்கள் ஓடிய அந்த வீதி போய்ச் சேரும் முல்லைத்தீவு மாவட்டத்தில், இன்று, பாடசாலைப் பிள்ளைகள் வயலினும் வியோலாவும் செலோவும் பழகுகிறார்கள். போர் முடிந்த கையோடு ஷாலினி விக்ரமசூரிய தொடங்கிய 'மியூசிக் புரொஜெக்ட்' என்ற அமைப்பு, முல்லைத்தீவிலும் குருநாகலிலும் கிராமப் பாடசாலைகளுக்கு இந்த வாத்தியங்களைக் கொண்டுவந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் தத்தம் ஊரில் பழகி, பிறகு ஒரே வாத்தியக் குழுவாக ஓரிடத்தில் இருந்து வாசிக்கிறார்கள். அந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் மனதில் ஓடுகிற கேள்வி ஒன்றுதான். இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, பின்வரிசையில் அல்ல, முன்னால் தனிக் கதிரையில், முழுக் குழுவும் பின்னணியாக இருக்க, செலோவில் ஒரு கொன்சேர்ட்டோ வாசிக்க என்னென்ன கூடிவர வேண்டும்?

கொன்சேர்ட்டோ என்பதைக் கச்சேரி கேட்டுப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இப்படிச் சொல்லலாம். கச்சேரியில் பாடகர் முன்னால், பக்கவாத்தியம் இரண்டு மூன்று. கொன்சேர்ட்டோவில் ஒற்றை வாத்தியம் முன்னால். பக்கவாத்தியம் அறுபது எழுபது பேர். கச்சேரியில் பாடகர் நினைத்த இடத்தில் நிரவலை நீட்டலாம், மிருதங்கக்காரர் கண்ணைப் பார்த்தே பிடித்துக்கொள்வார். இங்கே ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதியிருக்கிறது. அறுபது பேருக்கும் ஒரு கண்ணசைவு போய்ச் சேராது என்பதால் நடுவில் நடத்துநர் ஒருவர் கோலோடு நிற்கிறார். கடைசிக்குச் சற்று முன் குழு முழுதும் அடங்க, முன்னால் இருப்பவர் மட்டும் வாசிக்கும் 'கடென்ஸா' என்ற பகுதி பல கொன்சேர்ட்டோக்களில் உண்டு. எங்கள் தனி ஆவர்த்தனத்துக்குக் கிட்டத்தட்ட உறவு.

செலோவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வயலின் மேலே ஏறிப் பாடும். எத்தனை பேர் வாசித்தாலும் அதன் குரல் தனியே கேட்கும். செலோவின் குரல் ஆணின் குரலும் பெண்ணின் குரலும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. அதனால்தான் அது மனிதர் பேசுவது போல இருக்கிறது. அதனால்தான் கூட்டத்துக்குள் அமிழ்ந்தும் போகிறது. குழுவுக்குள் இருந்து வாசிக்கும்போது பக்கத்திலிருப்பவரோடு கலந்துபோகப் பழகிய பிள்ளை, முன்னால் வந்ததும் கலக்காமல் தனித்துக் கேட்கப் பழக வேண்டும். வில்லைப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், தோளின் பாரத்தை முழங்கை வழியாக இறக்கி, அமுக்காமல் அழுத்த வேண்டும். சொல்ல ஒரு வரி, பழக ஆண்டுகள்.

இந்தத் தீவிலிருந்து அந்தக் கதிரையில் போய் இருந்த ஒருவர் உண்டு. பெயர் ரொஹான் டி சேரம். 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சின்ன வயதில் வளர்ந்தது கொழும்பில். தாய் மிரியம் டி சேரம், கண்டிய நடனத்தைக் கற்று மேடையேறிய வசதியான குடும்பத்துப் பெண்களில் முன்னோடி. மகனுக்குச் செலோவை முதலில் கற்றுக்கொடுத்தவர், அப்போது கொழும்பிலிருந்த மார்ட்டின் ஹோஹர்மன் என்ற போலந்துக்காரர். பதினொரு வயதில் பிள்ளை இத்தாலிக்குப் போய், ஸ்பானிய மேதை கஸ்பார் கஸ்ஸாடோவிடம் சேர்ந்தது. 1960இல், இருபதை ஒட்டிய வயதில், நியூயோர்க் கார்னகி மண்டபத்தில், நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவோடு காச்சதூரியனின் செலோ கொன்சேர்ட்டோவை வாசித்தார். அந்தக் குழுவின் நடத்துநராக முன்பிருந்த டிமிட்ரி மிட்ரோபவுலோஸ் அவரைக் கேட்டு வியந்து அழைத்ததால் கிடைத்த வாய்ப்பு. செலோ மேதை பியாட்டிகோர்ஸ்கி தனக்கென்று செய்வித்த வில்லையே அவருக்குக் கொடுத்தார்.

இந்தக் கதையை இப்படியே சொன்னால் மேதை பிறந்தான், வென்றான் என்று ஆகிவிடும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குக் கீழே இருப்பதை. பிள்ளைக்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். பதினொரு வயதுப் பிள்ளையைக் கடல்கடந்து அனுப்ப வீட்டில் காசு இருந்தது. கலை என்றால் என்ன என்று தெரிந்த தாய் இருந்தா. இருபது வயதுவரை செலோவை விட்டுவிட்டு ஓடவேண்டிய இரவு ஒன்றும் வரவில்லை. திறமையை நான் குறைக்கவில்லை. அப்படியான திறமை வன்னியில் பிறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பிறந்திருந்தால் அதன் கையில் அந்த வயதில் மண்வெட்டி இருந்திருக்கும், அல்லது வேறொன்று இருந்திருக்கும்.

கொழும்பில் இலங்கைச் சிம்பொனி வாத்தியக் குழு தொடங்கிய ஆண்டு 1958. அதே ஆண்டில்தான் தெற்கில் அடிபட்ட தமிழரைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர் குறைவு.

சரி, அந்தக் கதிரைக்குத் தயாராவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எந்தக் கொன்சேர்ட்டோ? இளம் செலோக்காரருக்கு ஆசிரியர்கள் வழக்கமாக எடுத்துக்கொடுப்பவற்றில் ஒன்று, 1872இல் சேன்-சான்ஸ் எழுதிய முதலாவது கொன்சேர்ட்டோ. குழு ஒரே ஒரு தரம் ஓங்கி அடிக்கும். அடுத்த கணமே செலோ பாய்ந்து இறங்க வேண்டும். மூச்சு விட நேரமில்லை, பயப்படவும் நேரமில்லை. இதற்கு நேரெதிர் துவோர்ஷாக்கின் கொன்சேர்ட்டோ. அதில் குழு எண்பத்தாறு தாளக்கட்டுகள் வாசித்து முடிக்கும்வரை செலோக்காரர் மேடையில் சும்மா இருக்கிறார். மூன்று நிமிடத்துக்கு மேலே. எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். கையில் வியர்வை. வில்லைப் பிடித்த விரல்கள் குளிர்கின்றன. வாசித்துக் களைத்தவர்களைவிட, அந்த மூன்று நிமிடம் காத்திருந்து களைத்தவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். தவில் மேளம் முழங்கும் வீதியில் சுவாமி வெளிக்கிடக் காத்து நிற்கிற நாதஸ்வரக்காரர் முகத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

ஹைடனின் ஸி மேஜர் கொன்சேர்ட்டோவும் இளையோருக்கு நெருக்கமானது. அதன் கதை எனக்கு ஒரு ஆறுதல். பதினெட்டாம் நூற்றாண்டில், 1760களில் எழுதிய அந்தப் பிரதி காணாமல் போய்விட்டது. எழுதியவரின் பட்டியலில் தொடக்க வரி மட்டும் இருந்தது. 1961இல், பிராக் நகரத் தேசிய அருங்காட்சியகத்தில் பழைய தாள்களுக்குள் பிரதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மேடையேறியது. இருநூறு வருடம் ஒருவரும் வாசிக்காத இசை இன்று உலகம் முழுக்கப் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் ஏடுகளை நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

கொன்சேர்ட்டோவைத் தேர்ந்த பிறகு ஒரு வருடமாவது தனிப் பயிற்சி. குழுவின் பகுதி முழுவதையும் பியானோவுக்கு எழுதிய பிரதி உண்டு. மாதக்கணக்காகப் பியானோவோடு வாசித்துப் பழகுவார்கள். செலோவின் சுரங்கள் கீழே ஓடும்போது ஒரு குறி, நடுவில் ஒரு குறி, மேலே ஏறினால் வயலினின் குறி என்று மூன்று விதமாக எழுதியிருக்கும். கண் ஒரு நொடியில் மாற வேண்டும். கழுத்துக்கு மேலே கை ஏறும்போது இடது கைப் பெருவிரல் பின்னாலிருந்து சுற்றி முன்னால் வந்து தந்தியையே அமுக்கும். முதல் மாதம் தோல் கொப்புளிக்கும். பிறகு காய்ப்பு வைக்கும். மண்வெட்டி பிடித்த கைக்கு அது புதிதல்ல. வேறு இடத்தில் வரும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு குழுவோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கக் கிடைப்பது தொழில்முறைக் குழுக்களில் இரண்டோ மூன்றோ தரம். மண்டபத்துக்கு வாடகை, அறுபது பேருக்குச் சம்பளம். யாரும் வாரக்கணக்காக இருக்க மாட்டார்கள். அந்தச் சில மணித்தியாலம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். இதற்கு எல்கரின் செலோ கொன்சேர்ட்டோவைவிடப் பெரிய சாட்சி இல்லை.

1919 ஒக்ரோபர் 27, லண்டன் குயின்ஸ் மண்டபம். முதல் உலகப் போர் முடிந்து ஒரு வருடம் ஆகவில்லை. எல்கர் தன் கொன்சேர்ட்டோவைத் தானே நடத்துகிறார். செலோ ஃபீலிக்ஸ் சால்மண்ட். அன்றைய நிகழ்ச்சியின் மற்றப் பகுதிகளை அல்பர்ட் கோட்ஸ் என்பவர் நடத்தினார். ஒத்திகையில் அவர் தன் நேரத்தைத் தாண்டி எல்கருக்குரிய நேரத்தையும் எடுத்துக்கொண்டார். குழுவுக்கு அந்தப் புதிய இசை சரியாகப் பழகவில்லை. மேடையில் தடுமாறியது. சால்மண்ட் மாதக்கணக்காக உழைத்திருந்தார். அவருக்காகத்தான் எல்கர் அன்று நிகழ்ச்சியை நிறுத்தாமல் விட்டார். முதல் இரவிலேயே அடிவாங்கிய கொன்சேர்ட்டோ அது. அன்று செலோ வரிசையில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இருந்தார், ஜோன் பார்பிரோலி. நாற்பத்தாறு வருடம் கழித்து, 1965இல், அதே பார்பிரோலி நடத்துநராக நிற்க, அன்று வாசித்த அதே லண்டன் சிம்பொனி குழுவோடு, இருபது வயது ஜாக்குலின் டு ப்ரே அந்தக் கொன்சேர்ட்டோவை இசைத்தட்டுக்கு வாசித்தார். அதற்குப் பிறகுதான் உலகம் அந்த இசையை நெஞ்சோடு அணைத்தது.

அந்தத் தட்டை நான் முதலில் கேட்டது முகாமிலிருந்து வந்த பிறகு, ஒரு நண்பனின் கைத்தொலைபேசியில். தொடக்கத்தில் குழு ஒன்றும் வாசிப்பதில்லை. செலோ மட்டும், நாலு பெரிய சுரக்கூட்டு, ஒருவர் வாசல் கதவைத் தன் தோளால் தள்ளித் திறப்பதுபோல. போரைப் பார்த்த மனிதர் ஒருவர் எழுதியது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இனி எங்கள் பக்கம்.

செலோ சின்னதில் தொடங்கிப் பிள்ளையோடு சேர்ந்து வளர வேண்டிய வாத்தியம். கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு, முழு அளவு என்று இருக்கிறது. ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைக்குப் பதின்மூன்று பதினாலு வயதுக்குள் மூன்று நான்கு செலோ மாற வேண்டும். தனிப்பட்ட குடும்பம் ஒன்றால் வாங்கித் தள்ள முடியாது; பாடசாலையோ அமைப்போ வைத்திருந்து, ஒரு பிள்ளை வளர அடுத்த பிள்ளைக்குக் கைமாற்ற வேண்டும். வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய 'எல் சிஸ்தெமா' இப்படித்தான் ஏழைப் பிள்ளைகளின் கையில் வாத்தியம் கொடுத்தது. முல்லைத்தீவு முயற்சிக்கும் அதுவே முன்மாதிரி. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் இசைக் கல்லூரி வசதியற்ற பிள்ளைகளைச் சேர்த்து உருவாக்கிய 'சன்ஷைன் ஒர்கெஸ்ட்ரா'வும் அந்த வழிதான். தமிழ் பேசும் பிள்ளை கையில் செலோ இருப்பது இனிப் புதுமை இல்லை என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆனால் சென்னையில் ஆசிரியர் பக்கத்துத் தெருவில் இருப்பார். தமிழ்ப்படப் பாட்டுக்காக வாசித்து முதிர்ந்த செலோக்காரர் தலைமுறை ஒன்று அங்கே இருக்கிறது. எங்களிடம் இல்லை.

வெயிலும் மழையும் இன்னொரு பகை. சோளகக் காற்று அடிக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் வட்டக்கச்சிக் காற்றில் ஈரமே இருக்காது. பலகை சுருங்கும், முளைகள் இளகித் தந்தி தானாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இரணைமடு நிரம்புகிற நேரம் எல்லாம் ஊறும். செலோவின் பலகைகளை ஒட்டுவது விலங்குத் தோலில் எடுத்த பசையால். வேண்டும்போது கழற்றிப் பழுது பார்க்க வசதியாக, ஈரமும் சூடும் பட்டால் விடுகிற மாதிரியே அந்தப் பசை. ஐரோப்பியக் குளிருக்கு அது வசதி. எங்கள் மழைக்கு அது ஓரத்தில் பிளவு. பிளந்தால் ஒட்டத் தெரிந்த கை இந்தப் பக்கத்தில் வேண்டும். மிருதங்கத்துக்கு வார் இழுக்கவும் தவிலுக்குத் தோல் மாற்றவும் தெரிந்த கைகள் எங்களுக்குள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் செலோவையும் காட்டிக்கொடுக்கலாம். இதை யாராவது ஒருவர் மனம் வைத்துச் செய்யவேண்டும் என்று இந்தக் கட்டுரை மூலமாகவே கேட்கிறேன்.

கதிரையிலும் ஒரு விசயம் இருக்கிறது. கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து செலோ வாசிக்க முடியாது, முழங்கை இடிக்கும். பாடசாலையின் மரக் கதிரை சரி. சீமெந்துத் தரையில் கம்பி வழுக்கும். அதற்கு ஒரு கயிற்றையோ நாடாவையோ கதிரைக் காலில் கட்டி, மறு முனை வளையத்துக்குள் கம்பியை ஊன்றிக்கொள்வார்கள். சாணம் மெழுகிய தரையென்றால் கயிறே வேண்டாம். மண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் கிடைக்கும். காசு சேர்த்து, புலம்பெயர்ந்த உறவுகளைக் கேட்டு வாங்கிவிடலாம். வாங்க முடியாதது ஆண்டுகள். 2016இல் பிரித்தானியாவின் பிபிசி இளம் இசைஞர் போட்டியில் ஷொஸ்தகோவிச்சின் முதலாவது செலோ கொன்சேர்ட்டோவை வாசித்து வென்ற ஷேகு கன்னே-மேசனுக்கு அப்போது வயது பதினேழு. நொட்டிங்ஹாமின் அரச பாடசாலையில் படித்த பிள்ளை. தந்தைவழி அன்ரிகுவா, தாய்வழி சியரா லியோன். ஆறு வயதில் செலோவைத் தொட்டவர். பதினொரு வருடம் ஒரே வீட்டில், தொடர்ந்து, ஆசிரியர் மாறினாலும் பாடம் நிற்காமல். வன்னியில் பதினொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த பிள்ளை என்று ஒன்று, எங்கள் தலைமுறையில் இல்லை. இப்போதுதான் அப்படியொரு தலைமுறை வளர்கிறது. மீளக் குடியேறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பத்தும் பன்னிரண்டும் பதினாலும் வயது. அவர்கள் ஓடியதில்லை. முதல் தடவையாக, இந்த மண்ணில் ஒரு செலோவுக்குத் தேவையான நீளத்துக்குக் காலம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன், பத்து வருடம் கழித்து அல்ல.

எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் வெள்ளைக்காரன் வாத்தியம் என்று கேட்பவர்கள் உண்டு. ஊரிலும் கேட்டார்கள். வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைப் படித்துக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கொண்டுபோனார். இருநூறு வருடத்தில், தோளில் வைத்து நின்று வாசித்த வாத்தியத்தை நிலத்தில் இருந்து கால்மேல் ஊன்றி வாசிக்கும் வாத்தியமாக மாற்றி, தந்திகளின் சுருதியையும் எங்கள் ச-ப-ச-ப ஆக்கிவிட்டோம். அது இல்லாமல் ஒரு கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? செலோவின் நாலு தந்தியும் அடுத்தடுத்து ச–ப உறவில்தான் நிற்கின்றன. பழகிய காதுக்கு அதில் அந்நியம் ஒன்றும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. சங்கீதம் பழகிய வன்னிப் பிள்ளை செலோவை எடுத்தால், விரல் தானாகவே சுரத்துக்குச் சுரம் இழையும். மேற்கத்திய ஆசிரியர் அதைத் தவறு என்பார். சுரம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஒன்றைக் கற்க மற்றதை மறக்கத் தேவையில்லை என்பதற்கு ரொஹான் டி சேரத்தின் பிற்கால வாழ்க்கை பதில். கார்னகி மண்டபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அர்டிட்டி நால்வர் குழுவில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வாசித்து, இருபதாம் நூற்றாண்டின் கடினமான இசை பலவற்றை முதன்முதல் மேடையேற்றினார். சின்ன வயதிலிருந்து கண்டியின் கெட்ட பெரய மேளத்தையும் விடாமல் வாசித்தார். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 2002இல் அவருக்கென்றே 'செக்குவென்ஸா 14' எழுதினார். அதில் செலோவின் வயிற்றுப் பலகையையும் தந்தியையும் கையாலும் விரலாலும் தட்டி, அந்த மேளத்தின் சொற்கட்டுகளை எழுப்ப வேண்டும். மலைநாட்டுக் கோயில் மேளம், ஐரோப்பியச் செலோவின் உடம்பில். 2024 செப்டெம்பரில் அவர் காலமானார்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்த நினைவு முல்லைத்தீவுக் கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நம்பி வாழ்கிற எங்கள் மண்ணின் கூத்து. விடிய விடிய மத்தளம், சல்லாரி, அண்ணாவியாரின் குரல். பொங்கல் காலத்தில் அதைக் கேட்டு நித்திரையான பிள்ளையின் காதில் ஒரு தாளம் விழுந்திருக்கும், ஆசிரியர் கற்றுக்கொடுக்காமலே. பெரியோவுக்குக் கண்டி மேளம் தெரிந்தது ஒரு செலோக்காரர் அதைச் சுமந்து போனதால். எங்கள் மத்தளத்தை இன்னும் யாரும் சுமந்து போகவில்லை. அதைச் சுமக்கும் பிள்ளை சேன்-சான்ஸையும் ஹைடனையும் முதலில் சரியாக வாசிக்க வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. கதிரையில் இருக்க வேண்டும்.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரெயில் வந்தது. அந்த ரெயிலில் ஒரு செலோவைக் கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் அதற்கும் ஒரு இருக்கைக்கு ரிக்கற் எடுக்க வேண்டியிருக்கும். உலகம் முழுக்கச் செலோக்காரர் விமானத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். வன்னியிலிருந்து ஒரு பிள்ளை கொழும்பு மண்டபத்து ஒத்திகைக்கு அப்படிப் போகிற நாளை நான் பார்க்க விரும்புகிறேன். பக்கத்து இருக்கையில் செலோ. முழங்காலில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பார்சல். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, மதவாச்சி என்று யன்னலில் ஊர்கள் பின்னால் போக, தொடைமேல் இடது கை விரல்கள் ஓசையில்லாமல் ஹைடனை வாசித்துக்கொண்டு வரும்.

போன கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். புதுக் கூரை, புதுச் சீமெந்து. அக்காவின் மகளுக்கு ஏழு வயது. பழைய அறை இருந்த இடத்தில் இப்போது அவள் படிக்கிற மேசை. வீணையை விட்டுப்போன மூலையில் குடையும் விளக்குமாறும் சாத்தியிருந்தன. வீணைக்கும் செலோவுக்கும் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். செலோவை நிறுத்தி வைக்கக்கூடாது, விழும். பக்கவாட்டில் சரித்துக் கிடத்த வேண்டும். அக்காவின் தையல் நாடாவை வாங்கி அந்த மூலையை அளந்தேன். "என்ன தம்பி அளக்கிறாய்?" என்றாள். ஐந்தடி இருந்தது.